வறுமைக்குக் காரணம் எழுதச் சொன்னால்: ஒரு சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குவது எப்படி

உயர்தரத்தில் பொருளியல், அரசறிவியல் படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். கையில் ஓர் ஒப்படை இருக்கும்: உலக வறுமை, பொருளாதார ஏற்றத்தாழ்வு, அவற்றின் காரணங்கள். கூடவே எங்கிருந்தோ பார்த்து எழுதிய பட்டியல் ஒன்றும் இருக்கும். கல்வியின்மை, சனத்தொகைப் பெருக்கம், வேலையின்மை, மதுப்பழக்கம், ஊழல். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் இலங்கை மலைநாட்டுத் தேயிலைப் பகுதியான பொகவந்தலாவையில் ஒரு குடும்பம் ஏன் மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கிடக்கிறது என்று கேட்டால் அந்தப் பட்டியல் வாய் திறக்காது.

நான் தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு, எழுதி ஓய்வு பெற்றவன். யார் பெயருக்கு நேரே எவ்வளவு விழுகிறது, எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று மாதா மாதம் எழுதிய கை இது. பேராசிரியர்களுக்குத் தெரிந்த வழி எனக்குத் தெரியாது. காசு எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்று பின்னாலேயே நடக்கும் வழி தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சீட்டு

ஒரு கொழுந்தெடுக்கும் அம்மாவின் சம்பளச் சீட்டு வேண்டும். உங்கள் அம்மாவுடையதோ சித்தியுடையதோ என்றால் மிக நல்லது. வேறு வீட்டில் கேட்பதானால் நேரம் பார்த்துக் கேளுங்கள். சம்பளம் பத்தாம் திகதிவாக்கில் வரும். அதற்கு முந்திய வாரம் எந்த வீட்டிலும் முகம் சரியாக இருக்காது. சம்பளத்தன்று கடைக்காரர் வாசலில் நிற்பார். அது முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு போங்கள். கொப்பியை எடுத்தவுடன் விரிக்காதீர்கள். சாயத்தண்ணி தந்தால் குடியுங்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்கு மலைநாட்டில் எவரும் உண்மை சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். "மா மூட்டை எந்தத் திகதியில் உடைக்கிறீங்க, எந்தத் திகதியில் முடியுது?" என்று கேளுங்கள். வேண்டிய விபரம் தானாக வரும்.

பெயர், செக்ரோல் நம்பர், டிவிசன் மூன்றையும் உங்கள் கொப்பியில் எழுதாதீர்கள். ஒரே டிவிசனில் யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எண்ணை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

சீட்டில் எதைப் பார்ப்பது

எல்லோரும் நாட்சம்பளத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பத்திரிகையும் அதைத்தான் போடும். நீங்கள் அதற்குப் பக்கத்தில் இருக்கும் நாள் கணக்கைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்த மாதம் 18 பேர், அதாவது 18 நாள் வேலை, விழுந்திருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 24,300. ஊழியர் சேமலாப நிதிக்கு ஆகக் குறைந்த சட்ட வீதமான 8% போனால் மிச்சம் 22,356. அதன் கீழே சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில், தூள் என்று வரிசையாக வெட்டு இருக்கும். அவற்றை எல்லாம் மறந்துவிட்டு 22,356ஐயே ஐந்து பேருள்ள வீட்டுக்குப் பிரித்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 149 ரூபா. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஒன்றை வெளியிடுகிறது. 2024ல் அது ஓர் ஆளுக்கு மாதம் 16,000க்கும் 18,000க்கும் இடையில் நின்றது. ஐந்து பேருக்கு என்றால் எண்பதாயிரத்துக்கு மேல். இரண்டு பேர் மலைக்குப் போகும் வீடாக இருந்தாலும் கணக்கு எட்டாது.

இப்போது 18 ஏன் 18 என்று கேளுங்கள். அந்த அம்மா போகாமல் விட்ட நாள் எத்தனை? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுத்தும் வேலை இல்லையென்று திரும்பிய நாள் எத்தனை? தை, மாசி வரட்சியில் கொழுந்து வராது. பசளை போடாத மலையில் எந்த மாதமும் வராது. நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு. நிறை என்பது ஒரு நாளில் எடுத்துக் கொடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு, அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்: 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ. ஈரக் கொழுந்து, சாக்கு என்று தராசில் கழிப்பதும் உண்டு. நாட்சம்பளம் கூடிய பிறகு பல தோட்டங்களில் நிறை கூடியது, வேலைநாள் குறைந்தது. பத்திரிகையில் வரும் எண் ஏறும். சீட்டின் கடைசி வரி அசையாது. இதை நான் படித்து எழுதவில்லை. கொழுந்து நிறுக்குமிடத்தில் ஓர் அம்மா சொன்னது: "ஐயா, கூட்டுறது வேற ஆளு, குறைக்கிறது வேற ஆளு. ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல வந்து எறங்குறாங்க."

கொழுந்தின் பின்னால் நடப்பது

அடுத்து அந்த 18 கிலோவை எடுங்கள். ஏறத்தாழ 4.6 கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள். ஆகவே ஒரு நாள் கூடை 3.9 கிலோ தூளாகிறது. கொழும்பு ஏலத்தில் 2024ல் சராசரி விலை கிலோ 1,200 ரூபாவைச் சுற்றி நின்றது. பெருக்கினால் ஏறக்குறைய 4,700 ரூபா. அம்மாவுக்கு 1,350.

இங்கே அவசரப்பட்டு "மிச்சமெல்லாம் முதலாளி வயிற்றுக்குள்" என்று எழுதிவிடாதீர்கள். ஆபீசில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மிச்சத்திலிருந்துதான் கவ்வாத்து வெட்டுகிறவர், புல் வெட்டுகிறவர், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) நிற்கிறவர், விறகு, பசளை, லொறி, புரோக்கர் கமிஷன், என்னைப்போன்ற கிளாக்கர், துரையின் பங்களா, வங்கி வட்டி எல்லாம் போகவேண்டும். கம்பனிகள் சொல்லும் இன்னொன்றும் உண்மை: நம் மலைகளில் பாதி கிழட்டுச் செடி; கென்யாவில் ஓர் ஏக்கரில் எடுப்பதை இங்கே எடுக்க முடியாது. ஆனால் செடி ஏன் கிழடானது என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். 1992ல் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நிலம் 53 வருடக் குத்தகைக்குத்தான் போனது. புதுக்கன்று நட்டு அது பலன் தர வருடங்கள் ஆகும், அதுவரை செலவுதான். 2045ல் கையை விட்டுப் போகும் மலையில் யார் காசைப் புதைப்பார்கள்? குத்தகைக்காரர் கன்று நட மாட்டார், அரசாங்கமும் நடாது, பழி நிறை குறைந்த கூடைக்கு.

கணக்கு இன்னும் முடியவில்லை. ஒரு தேநீர்ப் பையில் 2 கிராம் தூள். 3.9 கிலோ என்றால் 1,950 பை. லண்டனிலோ டொரொண்டோவிலோ உறவினர் இல்லாத குடும்பம் இன்று குறைவு. கடைத் தட்டில் இருக்கும் தேயிலைப் பெட்டியின் விலைச்சீட்டை ஒரு படம் எடுத்து வட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதை 1,950க்குக் கணக்குப் பார்த்து, அன்றைய டொலர் விலையால் ரூபாவாக்கி, 1,350க்குப் பக்கத்தில் எழுதுங்கள். நான் எண்ணைச் சொல்லமாட்டேன். உங்கள் கையால் போட்டால்தான் அது உங்கள் ஒப்படை.

அந்த இடைவெளி எங்கே தங்குகிறது? கலக்கிறவர், பெட்டி போடுகிறவர், பெயர் போடுகிறவர், தட்டில் அடுக்குகிறவர் என்று கடலுக்கு அப்பால். 1883ல் கொழும்பில் ஏலம் தொடங்கிய நாளிலிருந்து நாம் பெரும் பகுதியை மூட்டையாக விற்கிற நாடு. 1950வாக்கில் ஆர்ஜென்டினாவின் ராவுல் பிரெபிஷ், ஜெர்மனியில் பிறந்த ஹான்ஸ் சிங்கர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: தேயிலை, கோப்பி, கொக்கோ, செம்பு போன்ற மூலப்பொருளை விற்கும் நாடு, இயந்திரமும் மருந்தும் வாங்கும்போது வருடத்துக்கு வருடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். கானா, ஐவரி கோஸ்ட் கொக்கோ விவசாயிக்கும் சாக்லேட் பெட்டிக்கும் நடுவில் இருப்பதும் நம் கூடைக்கும் லண்டன் கோப்பைக்கும் நடுவில் இருப்பதும் ஒரே தூரம்தான். உலக வறுமை என்ற சொல்லை உங்கள் ஒப்படையில் முதன்முதலாக இந்த இடத்தில் கொண்டுவாருங்கள், முதல் பந்தியில் வேண்டாம்.

2022ஐத் தனியாக எடுங்கள்

காரணத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், எல்லாமே ஒன்றாக ஆடிய ஒரு வருடத்தைப் பார்த்து, அதில் ஆடாமல் நின்றது எது என்று தேட வேண்டும். நமக்கு அந்த வருடம் 2022.

2021 மார்ச்சில், வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு, நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆக ஒரு நாள் உழைப்பு 5 டொலர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. மே மாதம் டொலர் 360. அதே ஆயிரம் இப்போது 3 டொலருக்கும் குறைவு. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9% ஏறியிருந்தது. மாவும் சீனியும் பருப்பும் வாங்குகிற வீட்டுக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

தேயிலைக்கு என்ன நடந்தது? டொலரில் விற்கும் பொருள் அல்லவா, ஏலத்தில் சராசரி விலை 2021ல் 620 ரூபா அளவில் இருந்தது, 2022ல் 1,270 அளவுக்குப் போனது. இரண்டு மடங்கு. 2021ல் இரசாயனப் பசளையைத் தடைசெய்த புண்ணியத்தால் விளைச்சல் விழுந்ததும், டீசலும் பசளையும் எட்டாத விலைக்குப் போனதும் உண்மை. அதையும் எழுதுங்கள். ஆனாலும் வருடம் முழுக்க ஒரே ஓர் எண் அசையவில்லை: ஆயிரம். அது 2024 வரை அங்கேயே நின்றது. 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, செப்டெம்பரில் 1,350 என்று நின்றது.

இதே காலத்தில் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டக்காரரைப் பாருங்கள். நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய எழுபது வீதத்தைக் கொடுப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கும் பசளை இல்லை, அவர்களுக்கும் மா விலை அதேதான். ஆனால் பச்சைக் கொழுந்துக்கு விலைச் சூத்திரம் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலை விற்ற விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. ஏலம் ஏறினால் அவர் கையும் ஏறும். லயத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஏலம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன.

செடி ஒன்று, மழை ஒன்று, ஏலம் ஒன்று. ஒருவருக்கு நிலம் சொந்தம், மற்றவருக்குக் கூடை மட்டும் சொந்தம். நான் இத்தனை காலம் செக்ரோலில் பார்த்ததில் வறுமைக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தென்படவில்லை: விளைகிறதைப் பங்கு போடும் மேசையில் யாருக்கு நாற்காலி இருக்கிறது, யாருக்கு இல்லை. சம்பளம் பேசும்போது அம்மாவுக்குப் பின்வாங்கி நிற்க ஓர் அடி நிலம் இல்லை. வேலை கம்பனியுடையது, படுக்கும் காம்பராவும் கம்பனியுடையது. வீடும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது பேரம் எப்படிப் பேசுவது?

பின்னால் போகும்போது

நாற்காலி எப்போது பறிபோனது என்று தேட வேண்டும். திகதிகளை மனப்பாடம் செய்து கொட்டாதீர்கள். ஒவ்வொரு திகதிக்கும் "இதனால் யாருடைய கையிலிருந்து எது போனது" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

1840ல் முடிக்குரிய காணிச் சட்டம். காணி உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடும் சேனைப் பயிர்நிலமும் முடிக்கு, அதாவது பிரித்தானிய அரசுக்கு, சொந்தம் என்றார்கள். ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் வெள்ளைக்காரருக்கு விற்றார்கள். போனது கண்டிச் சிங்களக் குடியானவரின் நிலம். இதை விடாமல் எழுதுங்கள். பக்கத்துக் கிராமத்தாருக்கு நம்மேல் இருக்கும் கோபத்தின் வேர் இதில் இருக்கிறது, அவர் நிலத்தை எடுத்தது நம் கொள்ளுப்பாட்டன் இல்லை.

கோப்பிக் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி, வழிச்செலவையே கடனாக எழுதினார். வேலை தொடங்கும் முன்பே கடன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத்தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுக்கும். இந்தத் துண்டு முறையை 1921ல்தான் ஒழித்தார்கள். இன்று நுண்கடன்காரர் வாரா வாரம் லயத்து வாசலில் கொப்பியோடு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும். கோப்பி 1869க்குப் பிறகு இலை நோயில் அழிந்தது, ஜேம்ஸ் டெயிலர் 1867ல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது, பயிர் மாறியது, கணக்கு மாறவில்லை.

1948 பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவர் குடியுரிமை போனது, அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. இதை ஒப்படைகளில் "அரசியல் காரணம்" என்று தனித் தலைப்பில் போட்டு விடுகிறார்கள். தவறான இடம். இது சுத்தமான பொருளாதாரம். வாக்கில்லாத இடத்துக்கு எந்த எம்.பி. வீதி போடுவார்? யார் பள்ளிக்கூடம் கட்டுவார்? காணி பகிர்ந்தபோது பட்டியலில் பெயர் வருமா, அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமா? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று பங்கு போட்டார்கள். அந்த மேசையிலும் நம் நாற்காலி இல்லை. நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி முடிய 2003 ஆனது. சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்றைச் சேருங்கள்: பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. அதன்படி பிரதேச சபை தோட்டத்துக்குள் காசு செலவழிக்கத் தடை இருந்தது. திருத்தியது 2018ல். அதுவரை நாம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபையே நம் லயத்து வடிகானுக்கு ஒரு மூட்டை சீமெந்து தர முடியாது.

தாத்தா பாட்டி உயிரோடிருந்தால் 1973, 74 பஞ்சத்தைப் பற்றிக் கேளுங்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது, பட்டினியால் மனிதர்கள் செத்தார்கள். முதலாளி தனியாராக இருந்தால் வறுமை, அரசாங்கமாக இருந்தால் வறுமை தீரும் என்று சுலபமாக எழுத நினைப்பவர்கள் அந்தக் கதையைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மொரிசியஸைப் பக்கத்தில் வையுங்கள்

"எல்லாம் வெள்ளைக்காரன் செய்தது" என்று எழுதினால் பரிசீலகர் ஒரு கேள்வியில் மடக்கிவிடுவார்: அப்படியானால் வெள்ளைக்காரன் ஆண்ட வேறு நாடுகள் எப்படி எழும்பின? அதற்கு நமக்கு மிகப் பொருத்தமான ஒப்பீடு மொரிசியஸ். அங்கேயும் தோட்டம்தான், தேயிலைக்குப் பதில் கரும்பு. அங்கேயும் இந்தியாவிலிருந்து கப்பலில் ஏற்றிய கூலியாட்கள்தான், தமிழரும் அதில் உண்டு. ஆனால் 1968ல் சுதந்திரம் வந்தபோது அந்தக் கூலியாட்களின் பிள்ளைகள் கையில் வாக்கு இருந்தது. முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலாமே அந்த வம்சம். 1970ல் ஏற்றுமதி வலயச் சட்டம் கொண்டுவந்து ஆடைத் தொழிலைப் பிடித்தார்கள், பிறகு சுற்றுலா. 1977ல் இடைநிலைக் கல்வியையும் இலவசமாக்கினார்கள். இன்று ஆபிரிக்காவின் வசதியான நாடுகளில் ஒன்று. பழைய கரும்பு முதலாளிக் குடும்பங்களின் சொத்து அங்கே இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஏற்றத்தாழ்வு போய்விடவில்லை. ஆனால் அங்கே கரும்பு வெட்டியவரின் பேரப்பிள்ளை கரும்புதான் வெட்ட வேண்டும் என்ற நிலை இல்லை.

இந்த ஒரு பந்தி இருந்தால், வறுமையும் ஏற்றத்தாழ்வும் ஒன்றல்ல என்பதைத் தனியாக வரைவிலக்கணம் எழுதி விளக்கும் வேலை மிச்சம்.

குடி, சோம்பல், பிள்ளைகள்

இவற்றை ஒதுக்கவும் வேண்டாம், தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். குடி இல்லை என்று சொல்பவன் பொய் சொல்கிறான். சம்பளத்தன்று இரவு லயத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் காரணமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: அதே லயத்தில் குடிக்காத வீட்டைத் தேடுங்கள். இருக்கும். அந்த வீட்டுச் சீட்டையும் வாங்குங்கள். கொஞ்சம் நிம்மதி கூடியிருக்கும், அடகுக் கடைச் சீட்டு ஒன்றிரண்டு குறைந்திருக்கும், பிள்ளை ஒன்று கூடுதலாகப் படித்திருக்கும். காம்பரா அதே பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். கூரைத் தகரம் அதேதான்.

கல்வியையும் இப்படியே சோதியுங்கள். படித்த பிள்ளை ஆசிரியராகி ஹட்டன் டவுனில் வீடு கட்டியிருக்கும்; அந்தப் பிள்ளை தப்பியது. அது விட்டுப்போன கூடையை யார் எடுத்தார்கள், அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி. எல்லோரும் டீச்சரானாலும் கொழுந்தை ஒருவர் எடுக்கத்தான் வேண்டும், அவர் பட்டினி கிடக்க வேண்டும் என்று எந்தப் பொருளியல் பாடத்திலும் இல்லை.

காம்பராவுக்குள்ளே

ஒப்படைகள் வாசலோடு நின்றுவிடுகின்றன. வீட்டுக்குள்ளும் பங்கு போடுதல் நடக்கிறது. விடியமுன் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டு, மலைக்கு ஏறி, நிறுத்துக் கொடுத்து, திரும்பி விறகு பொறுக்கி, தண்ணீர் பிடித்து, சமைத்து, கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று பாருங்கள். 1984 வரை தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். சமமான பிறகும் பல வருடம் மனைவியின் சம்பளத்தைக் கணவன் வந்து வாங்கிப் போவதை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். ஆபீசும் அதைக் கேள்வி கேட்காது.

அதன் முடிவு பிள்ளையின் உயரத்தில் தெரியும். 2016ல் எடுத்த குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17.3%, தோட்டத்தில் 31.7%. 2019 வீட்டு வருமானச் செலவுக் கணக்கெடுப்பில் வறியவர்கள் நாட்டில் 14.3%, தோட்டத்தில் 33.8%. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, எந்த இரண்டு எண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று வாசிப்பவரே பார்க்கட்டும்.

வரியையும் ஒரு வரியில் சேருங்கள். பெறுமதி சேர் வரி 2022 தொடக்கத்தில் 8%, 2024 ஜனவரியிலிருந்து 18%. வருமானவரி கட்டாத அந்த அம்மா சவர்க்காரம் வாங்கும்போது கொழும்பு முதலாளி கட்டும் அதே வீதத்தைக் கட்டுகிறார்.

எழுதும்போது

உலக எண்களைக் கடைசியில் வையுங்கள். உலக வங்கி 2025 ஜூனில் கொடிய வறுமைக்கோட்டை ஒரு நாளைக்கு 3 டொலர் என்று உயர்த்தியது. அந்தக் கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 80 கோடிப் பேர். அந்த டொலர் கொள்வனவு சக்திக்குச் சரிசெய்தது. ஆகவே 1,350ஐ வங்கி டொலர் விலையால் பிரித்து "நாம் கோட்டுக்கு மேலே இருக்கிறோம்" என்றோ "கீழே" என்றோ எழுதாதீர்கள்; அது ஒரு சம்பளத்தை எத்தனை வாய் சாப்பிடுகிறது என்பதையும் பார்க்காது. 2022 உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை, உலகின் சொத்தில் 76% மேல்தட்டுப் பத்து வீதத்தினரிடம், கீழ்ப்பாதி மக்களிடம் 2% என்கிறது. இந்த எண்ணை முதலில் போட்டால் எவர் மனதிலும் ஒட்டாது. 1,950 தேநீர்ப் பை, 1,350 ரூபா என்ற கணக்குக்குப் பிறகு போட்டால் ஒட்டும்.

"காரணங்கள்" என்று ஒன்று முதல் பத்து வரை இலக்கம் போட வேண்டாம். ஒன்று இன்னொன்றை எப்படித் தள்ளியது என்று எழுதுங்கள்: குடியுரிமை போனதால் காணி இல்லை, காணி இல்லாததால் பேரம் இல்லை, பேரம் இல்லாததால் 2022ல் அந்த ஆயிரம் அசையவில்லை. லயத்துப் படம் போடுவதானால் ஆள் இல்லாத படமாகப் போடுங்கள். அழுக்குச் சட்டைப் பிள்ளையின் படம் வேண்டவே வேண்டாம், அந்தப் பிள்ளை நாளைக்கு உங்கள் வகுப்பில் உட்காரும்.

சீட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அதில் இருக்கும் சேமலாப நிதி இலக்கத்தையும் பெயரையும் அந்த அம்மாவின் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்களைப் போன்ற கிளாக்கர்கள் தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் காதில் விழுந்தபடி எழுதுவார்கள். ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. ஒரு எழுத்துப் பிசகினாலும் ஓய்வு பெறும் நாளில் காசு எடுக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். வித்தியாசம் இருந்தால் இப்போதே பக்கத்துத் தொழில் அலுவலகத்துக்கு, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு, நீங்களும் கூடப் போங்கள். சிங்களத்தில் படிவம் தந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள், இருக்கும்.